பள்ளிக்கூட வேலையோடு நாவல் எழுத நினைப்பவர்களுக்கு

‘ஒரு கதை மனசுல கெடக்கு, ரிட்டயர் ஆனதும் எழுதணும்’ என்று சொல்லாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெறும்வரை காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம், வீடு, பிள்ளைகள், மாமியாரின் வைத்தியம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு நாவலை எழுதி அச்சிலும் கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பல வருஷம் ஆனது. பணம் போனது, உடம்பும் படுத்தியது. வழி கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால் ஒவ்வொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து எழுத உட்காருகிறவருக்கு அந்தப் பாடு கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் நிலைமையோடு ஒப்பிட்டுக்கொள்ள வசதியாக இருக்கும். காரைக்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராக இருக்கிறேன். பிறந்தது மானாமதுரைப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது கோட்டையூர். வீட்டுக்காரர் தேவகோட்டையில் வேலை பார்க்கிறார். மகன், மகள், மாமியார், நான் என்று ஐந்து பேர் குடியிருப்பது ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில். வீட்டின் பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம் என்றால்தான் வளவு, அதாவது உள்முற்றமும் அறைகளும் உள்ள பகுதி, திறக்கும். மற்ற நாட்களில் முன்கட்டில் ஓர் ஆச்சி மட்டும் இருப்பார். அந்த ஆச்சி தன் அப்பச்சி (அப்பா) பர்மாவில் இருந்த காலத்தைப் பற்றி ஒவ்வொரு துண்டாகச் சொல்லக் கேட்டுத்தான் என் நாவல் பிறந்தது. செட்டியார் கடையில் எடுபிடியாக, அதாவது பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறிய ஒரு சிறுவன், 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே ஊர் திரும்புகிற கதை.

ஆசிரியருக்கு என்ன, வருஷத்தில் பாதி நாள் லீவு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பிளஸ் டூ வகுப்பு எடுக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் மெல்லக் கற்போருக்குத் தனி வகுப்பு, நடுவில் எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளப் பதிவு, மதிப்பெண் பதிவு, பாடக்குறிப்பு. தமிழ்த் தாள் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. அந்த 90 மதிப்பெண் தாளில் நெடுவினாவைத் திருத்துவது கணக்குத் தாள் திருத்துவது மாதிரி இல்லை. ஒவ்வொரு வரியையும் வாசித்தாக வேண்டும். மாலையில் நாற்பது தாள் திருத்தி முடித்தவளுக்கு, அதன் பிறகு சொந்தமாக ஒரு நல்ல வாக்கியம் எழுத வராது. கண் பார்க்கும், கை எழுதும், மூளைக்குள் மட்டும் பிள்ளைகளின் வாக்கியங்களே ஓடிக்கொண்டிருக்கும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரவு நேரத்தை நம்பி முதல் வருஷத்தைத் தொலைத்திருக்க மாட்டேன்.

தமிழாசிரியர் என்பதால் வருகிற தனித் தொல்லை ஒன்று உண்டு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் எழுத்து வேலை நம்மிடம்தான் வரும். அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல், புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ், கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை, இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலிக் கவிதை, பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை. ‘டீச்சர், உங்களுக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷம்’ என்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் ஒரு மாலையை விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய சேதம் நடைக்கு. பொற்பதம், பேரருள், பெருந்தகை என்று ஒரு வாரம் எழுதிவிட்டு நாவலுக்குத் திரும்பினால், பதினாலு வயதுப் பெட்டியடிப் பையனும் வாழ்த்துமடல் பாஷையிலேயே பேசுவான். அந்த மாதிரிப் பக்கங்களை நிறையக் கிழித்தேன். பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டேன். அஞ்சலிக்கு மட்டும் மறுக்க மாட்டேன், சாவு வீட்டில் போய்க் கணக்குப் பார்க்க முடியாது. மற்றதற்கெல்லாம், நன்றாக எழுதுகிற பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைக் கைகாட்டிவிடுவேன். அவர்களுக்குப் பேரும் கிடைக்கிறது, பேனாவும் பரிசாக வருகிறது. ஊர்க்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது உண்மைதான். இப்போது யாருக்கும் அது ஞாபகம்கூட இல்லை.

எழுதத் தொடங்கிய காலத்தில் என் நம்பிக்கை எல்லாம் மே மாதத்தின் மேல் இருந்தது. வருஷம் பூராவும் சேர்த்து வைத்து, கோடை விடுமுறையில் உட்கார்ந்து ஒரே மூச்சாக எழுதிவிடலாம் என்று. நடப்பது வேறு. மார்ச்சில் பொதுத்தேர்வு, அறைக் கண்காணிப்பு. அது முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம். வெயிலில் போய் வந்து அதை முடித்தால், வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும். பிறந்த வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய் வர வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்ததும் பள்ளிக்கு ஓட வேண்டும். மிஞ்சுவது பத்துப் பதினைந்து நாள். அந்தப் பத்துப் பதினைந்து நாளிலும் ஒரு வாரம், ஜூலையில் விட்ட கதையை எடுத்து ‘யார் இந்த ஆள், இவன் ஏன் இங்கே நிற்கிறான்’ என்று நானே முழிப்பதில் போய்விடும். கதைக்குள் மறுபடி நுழைந்து கை ஓடத் தொடங்கும்போது பள்ளி திறந்துவிடும். இரண்டு கோடை அப்படிப் போனதும் எனக்கு அழுகைதான் வந்தது.

அதன் பிறகு சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதம் போட்டேன். வீட்டில் கலந்து பேசி, தலைமை ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லி வாங்கிய விடுப்பு. கிட்டத்தட்ட 70,000 ரூபாய் சம்பளம் போனது. அதோடு ஊதிய உயர்வுத் தேதியும் தள்ளிப்போனது. இந்த இரண்டாவது விஷயம் விடுப்பு எடுக்கும்வரை எனக்குத் தெரியாது, அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. ஆகவே யார் இப்படி விடுப்புப் போடுவதாக இருந்தாலும், எழுத்தரிடம் உட்கார்ந்து ஊதிய உயர்வு, பணிக்காலம், ஓய்வூதியம் மூன்றுக்கும் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிடுங்கள். அந்த மாதத்தில் என்ன எழுதினேன்? முதல் இரண்டு வாரம் பழைய அத்தியாயங்களைப் படித்துத் திருத்தினேன். வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் கேஸ்காரர், கொரியர், மாமியாரின் ரத்தப் பரிசோதனை, நாத்தனார் வருகை எல்லாம் என் தலையில் வந்தன. கடைசி வாரத்தில்தான் கதை நகர்ந்தது. அந்த ஒரு வாரத்தில் ஓடிய வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நேரம் குறைவாக இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். கதையோடு தொடர்பு அறுந்துபோவதைத்தான் தாங்க முடியாது. ஒரு மாதம் தொடாத கதைக்குள் மறுபடி போக ஒரு வாரம் பிடிக்கிறது. தினமும் தொட்ட கதைக்குள் போக ஐந்து நிமிஷம் போதும்.

இதற்கு வழி காட்டியது முன்கட்டு ஆச்சிதான். பர்மாவில் அவருடைய அப்பச்சி இருந்த கிட்டங்கியை, அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கட்டடத்தைப் பற்றி ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டாலையில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னார். “ராத்திரி எம்புட்டு நேரம் ஆனாலும் கணக்கு எழுதாமப் பெட்டியை மூட மாட்டாகளாம்த்தா. காலையில வந்து உக்காந்தா, நேத்து எங்க விட்டோம்னு தேடக்கூடாது பாருங்க. அப்பச்சி சாகுற வரைக்கும் அந்தப் பழக்கத்தை விடல. கடை கண்ணி எல்லாம் போன பொறகும் பால் கணக்கையாவது எழுதி வச்சுட்டுத்தான் படுப்பாக.” அன்று ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். அன்றிலிருந்து, அன்றைக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும், படுக்கும் முன் அந்த நோட்டில் மூன்று வரி எழுதுவேன். கதை இப்போது எங்கே நிற்கிறது, அடுத்து யார் என்ன செய்யப் போகிறார், நாளைக்கு எழுத வேண்டிய முதல் வாக்கியத்தின் பாதி. எடுத்துக்காட்டுக்கு ஒன்றை அப்படியே தருகிறேன்: ‘பையன் இன்னும் படகுத்துறையில். மேலாள் அவனிடம் பேரேட்டைக் கொடுத்துவிட்டார், சாவியைக் கொடுக்கவில்லை. நாளை: சாவியைக் கேட்க வாய் திறந்தவன்.’ அவ்வளவுதான். தேர்வு நேரத்தில் பத்து நாள் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கிறேன். நோட்டை மட்டும் விட்டதில்லை. பதினோராவது நாள் உட்காரும்போது கதை அந்நியமாக இருக்காது. இந்த நோட்டுக்காக நான் செலவழித்தது முப்பது ரூபாய்கூட இருக்காது, விடுப்பில் போன 70,000 ரூபாய் செய்யாததை அது செய்தது.

நேரத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒத்துவந்தது விடிகாலை நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை. பால்காரர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆற்றோரத்தில் உட்கார்ந்து எழுதுவது, மலையில் அறை எடுத்து எழுதுவது எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். நமக்கு வாய்த்தது அடுப்படிக்குப் பக்கத்து மேசைதான். உங்களுக்கு விடிகாலை ஒத்துவராவிட்டால் வேறு நேரம் பாருங்கள், ஆனால் விடைத்தாள் திருத்துவதற்கு முன்னால் வருகிற நேரமாக இருக்கட்டும். பள்ளியில் ஓய்வுப் பாடவேளை கிடைக்கும், அங்கே எழுதலாம் என்று எண்ண வேண்டாம். அந்தப் பாடவேளையில் பதில் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லாவிட்டாலும் ஆசிரியர் அறையில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். நான் அந்த நேரத்தில் முழுக்கத் தாள் திருத்தினேன். வீட்டுக்குத் தாள் கட்டு தூக்கிவருவதை நிறுத்தியதே எனக்குப் பெரிய விடுதலை.

இன்னொன்று, எல்லா மாதமும் ஒரே மாதம் இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் ஆசிரியருக்கு நல்ல மாதங்கள். புதுப் பிள்ளைகள், பாடம் தொடக்கம், தேர்வு நெருக்கடி கிடையாது. புதிய அத்தியாயங்களை அப்போது எழுத வேண்டும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி முதல் திருப்புதல் தேர்வுகள். அந்த மாதங்களில் புதிதாக எழுத முயன்று தோற்று மனம் நொந்துகொள்வதைவிட, எழுதியதைத் திருத்துவது, பாத்திரங்களின் வயதையும் வருஷத்தையும் சரிபார்ப்பது, விட்டுப்போன தகவலைத் தேடுவது என்று கைவேலை மாதிரி உள்ளவற்றை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பொதுத்தேர்வு என் நாவலைவிட முக்கியம். அதை மனதார ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு வகுப்பிலும் நிம்மதி வந்தது, மேசையிலும் நிம்மதி வந்தது.

தகவல் தேடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிற எவரும் இதில் சிக்குவார்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன கதைக்குள் ஒரு முறை இறங்கிவிட்டால் வெளியே வர மனம் வராது. முகவராகப் போகிறவருக்கு மூன்று வருஷத் தவணை, அது முடிந்து ஊர் வந்தால்தான் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்ப்பது, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலை, ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்கு எடுக்கும் முறை, 1942-ல் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மக்கள் நடந்து வந்தது, ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்குக் காணும். எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, இப்போது சென்னை தரமணியில் அவர் பேரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. எங்கள் ஊர்ச் சரக்கைப் பார்க்க நான் விடியற்காலைப் பல்லவனில் ஏறி எழும்பூர் போக வேண்டியிருந்தது. போய் வர ஆகிற காசும் அலைச்சலும் ஒரு பக்கம். வந்த பிறகு, பார்த்த எல்லாவற்றையும் கதையில் திணிக்கத் தோன்றும் பாருங்கள், அதுதான் ஆபத்து. ஓர் அத்தியாயம் முழுக்க வட்டி விகிதமும் ஐந்தொகையுமாகப் போய், பையனே காணாமல் போயிருந்தான். இப்போது நான் செய்வது, முதலில் காட்சியை எழுதிவிடுவது, தகவல் தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. நட்சத்திரங்கள் ஒரு பக்கம் சேர்ந்த பிறகு ஒரே பயணமாகப் போய்ப் பார்ப்பது. போகும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். பழைய நூல்கள் பலவற்றை அங்கே வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம், ஒரு ரயில் டிக்கெட் மிச்சம்.

வகுப்பறை என் எழுத்துக்கு எதிரி என்று சில நாள் கசப்போடு நினைத்ததுண்டு. அந்தக் கசப்பைக் கரைத்தது ஒரு மாணவி. நாவலில், கடல் கடந்த ஊரில் கிட்டங்கியில் பிள்ளையார் நோன்பு கும்பிடுகிற ஓர் இடம் வருகிறது. திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள், புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இவ்வளவையும் கேள்விப்பட்டுத்தான் எழுதியிருந்தேன். நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை, உள்ளே நின்று பார்த்ததில்லை. மதிய இடைவேளையில் புதுவயல் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். “எங்க ஐயாதான் இழை எடுத்துக் குடுப்பாக டீச்சர். சின்னப் பிள்ளையில ரொம்பப் பயமா இருக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வாயை மட்டும் தெறப்பேன். உள்ள போனதும் சூடே தெரியாது, இனிப்புத்தான் தெரியும்” என்றாள். எந்த நூலிலும் அந்த மூடிய கண் எனக்குக் கிடைத்திருக்காது. அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அதை அப்படியே கதையில் வைத்தேன். ஆசிரியராக இருப்பதால் ஒரு நாளைக்கு முந்நூறு வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். வேறு எந்த வேலையில் இருக்கிற எழுத்தாளருக்கு அந்தக் கொடுப்பினை?

வீட்டைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் பதற்றம் வரும், அடுத்த நொடி ‘இன்றைக்கும் எழுத்து போச்சு’ என்ற எரிச்சல் வரும், அதற்கடுத்த நொடி அந்த எரிச்சலுக்காக வெட்கம் வரும். பெண்கள் எழுதினால் இந்த மூன்றும் வரிசையாக வந்தே தீரும். வீட்டுக்காரர் என் கையெழுத்துப் பிரதியை ஒருநாளும் படித்ததில்லை. ஆனால் விடிகாலையில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் காபியும் கொடுப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கதையைப் படிக்கவில்லையே என்று நான் நெடுநாள் உள்ளுக்குள் குமைந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தக் காபிதான் எனக்குத் தேவையாக இருந்தது. வீட்டாரிடம் பொதுவாக ‘ஒத்தாசை பண்ணுங்க’ என்று கேட்காமல், இன்ன நேரத்தில் இன்ன வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரித்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் செய்கிறார்கள்.

உடம்பு விஷயம். பகலெல்லாம் கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதிவிட்டு, காலையும் இரவும் குனிந்து எழுதினால் கழுத்தும் தோளும் என்ன ஆகும்? எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானத்தின் தொடக்கம் என்றார்கள். எக்ஸ்ரே, மாத்திரை, பிசியோதெரபி எல்லாமாகச் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மேல் போனது. மடிக்கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை வாங்கிய பிறகுதான் வலி தணிந்தது. வலி வரும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

தட்டச்சில் நான் இழந்ததையும் சொல்ல வேண்டும். பாதி நாவல் நோட்டுகளில் பேனாவால் எழுதியது. அதை ஒரு டிடிபி கடையில் பக்கத்துக்கு 25 ரூபாய் வீதம் அடிக்கக் கொடுத்தேன். அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. கோப்பை வேறு கணினியில் திறந்தால் முழுக்கக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றியபோது துணைக்கால் வர வேண்டிய இடத்திலெல்லாம் ரகரம் வந்து நின்றது. ஏறத்தாழ 6,000 ரூபாய் கொடுத்து அடித்ததை, ஒரு காலாண்டு விடுமுறை முழுவதும் வரிவரியாக நானே சரிசெய்தேன். வெளியே கொடுக்கிறவர்கள் ‘யூனிகோடில் வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லி, ஒரு பக்கத்தை அடித்து வாங்கி, உங்கள் செல்பேசியில் திறந்து பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். முடிந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள். ஒரு மாதம் கை தடுமாறும், பிறகு பேனாவை மறந்துவிடுவீர்கள். ஒவ்வொரு வாரமும் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள்.

கடைசியாகப் பதிப்பு. எழுத்து முடிந்த களைப்பில் இருக்கும்போது வருகிற சோதனை இது, அதனால்தான் பல பேர் இங்கே ஏமாறுகிறார்கள். நான் அணுகிய ஒரு பதிப்பகம், பேரைச் சொல்ல விரும்பவில்லை, பிரதியைப் படிக்காமலேயே ‘அருமை’ என்றது. மொத்தச் செலவில் என் பங்கு 60,000 ரூபாய், ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வாங்கத் தனியாகக் கட்டணம், முன்பணம் 25,000 ரூபாய் என்றார்கள். ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வந்துவிடும், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையும் கிடைக்கும் என்றார்கள். முன்பணம் வாங்கிக்கொண்ட பிறகு அனுப்பிய ஒப்பந்தத்தில் உரிமை முழுவதும் என்றென்றைக்கும் அவர்களுக்கு என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் திரும்பி வரவும் இல்லை. தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பல மாதம் அந்தப் பிரதியைத் தொடவே பிடிக்கவில்லை. அத்தனை விடிகாலைகளையும் யாரோ ஒருவர் அலட்சியமாகத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது என்னிடம் முன்பு படித்த, இப்போது வழக்கறிஞராக இருக்கும் ஒரு பிள்ளைதான் சட்டத்தை எடுத்து விளக்கினான். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த அன்றே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுத்தாளர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும் அது நிற்கும். உரிமையை மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்து மூலம் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகளில், என்ன ராயல்டி என்று அதில் சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாத வரைக்கும், அது காலாவதியாகிவிடும். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பேரிலான தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, அதற்குக் கட்டணம் கேட்கிறவரிடம் மற்றக் கணக்கையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நூலக ஆணையை யாரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. காசு வாங்காமல் நல்ல புத்தகம் போடுகிற பதிப்பகங்கள் தமிழில் இருக்கின்றன. அவர்கள் மெதுவாகத்தான் பதில் சொல்வார்கள், திருத்தம் கேட்பார்கள். என் நாவலைக் கடைசியில் போட்டவர்கள் பிரதியில் நாற்பது பக்கத்தைக் குறைக்கச் சொன்னார்கள். வலித்தது. படித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் வலி தெரியாமல் குறைத்தேன். ராயல்டி விலையில் எத்தனை சதவீதமா, அவர்களுக்குக் கைக்கு வரும் தொகையில் எத்தனை சதவீதமா என்று மட்டும் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

ஜனவரிக் காட்சியைக் குறிவைத்தால் பிழை திருத்த வேண்டிய அச்சுப்படி, அதாவது மெய்ப்பு, டிசம்பரில் வரும். அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். டெமி அளவில் பதினாறு பக்கம் ஒரு பாரம், அப்படி இருபது பாரத்தை விடைத்தாள் கட்டுகளோடு சேர்த்துத் திருத்துவது நடக்கிற காரியமில்லை. பிழைகள் தப்பிவிடும், புத்தகம் அச்சான பிறகு அவைதான் முதலில் கண்ணில் படும். பதிப்பகத்தாரிடம் ஆகஸ்டிலேயே மெய்ப்பு வேண்டும் என்று கேளுங்கள், அல்லது அடுத்த வருஷம் போடச் சொல்லுங்கள். ஒரு வருஷம் தள்ளிப்போனால் நாவல் கெட்டுப்போகாது. அரசுப் பணியில் இருப்பவர்கள் அச்சுக்குப் போகும் முன் தங்களுக்கான நடத்தை விதிகளை எழுத்தரிடம் கேட்டு, துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். உதவி பெறும் பள்ளியில் இருக்கும் நான் தலைமை ஆசிரியர் வழியாக நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தேன்.

ஜூனில் பாடவேளை அட்டவணை கையில் வந்ததும் அதில் ஒரு முழு நாவலுக்கு வேண்டிய நேரத்தைத் தேட வேண்டாம். எந்தெந்த நாள் முதல் பாடவேளை இல்லையோ அந்த நாட்களை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் காலையில் கூடுதலாக அரை மணி கிடைக்கும். எனக்கு இந்த வருஷம் அது செவ்வாயும் வெள்ளியும். அடுத்த நாவலின் கடினமான காட்சிகளை அந்த இரண்டு காலைக்கென்று ஒதுக்கியிருக்கிறேன், புது நோட்டும் தொடங்கியாயிற்று.